கண்டியில் இரண்டு நாள்: பெண்களின் சுவடு தேடி ஒரு வரலாற்று உலா

நூற்றாண்டு விழாவுக்கு வருகிறோம், இரண்டு நாள் தங்குவோம், பிள்ளைகளும் கூட வருகிறார்கள், கண்டியில் எதை எதைக் காட்டலாம் என்று வெளிநாடுகளில் வாழும் எம் சகோதரிகள் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அதற்கு விடை எழுதும் பொறுப்பை மலர்க்குழு, ஊரிலேயே தங்கிவிட்ட எம்மிடம் ஒப்படைத்தது. இலகுவான வேலை என்றே முதலில் எண்ணினோம். தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா என்று மூன்றை எழுதி அனுப்பினால் காரியம் முடிந்தது.

ஆனால் ஒரு சகோதரியின் கடிதத்தில் இருந்த ஒரு வரி எம்மை நிறுத்திவிட்டது. “கண்டி சிங்கள அரசர்களின் ஊர்தானே அம்மா, நீங்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தீர்கள்?” என்று அவருடைய மகள் கேட்டாளாம். தாய்க்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எமக்கும் உடனே பதில் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியுமாக இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறோம். வாவிக்கரையில் வரிசையாகப் போகும்போது ஆசிரியையின் கண்ணில் படாமல் கடலை கொறித்திருக்கிறோம். வரலாற்றுப் பாடத்தில் அரசர்களின் பட்டியலை ஆண்டுகளோடு மனப்பாடம் செய்து புள்ளியும் வாங்கினோம். அந்தப் பட்டியலுக்கும் நாம் நடந்த தெருவுக்கும் தொடர்பு உண்டென்று அன்று தோன்றவில்லை. அந்தப் பட்டியலில் பெண்கள் அநேகமாக இல்லை என்பதும் தோன்றவில்லை.

ஆகவே நாங்கள் சிலர் குடையும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை அழைத்துப் போவது போலவே ஊரைச் சுற்றி வந்தோம். அந்த நடையின் ஒழுங்கில்தான் இக்கட்டுரை அமைகிறது.

முதல் நாள் காலை: வாவிக்கரை

காலை ஆறு மணிக்கே வாவிக்கரைக்குப் போய்விடுங்கள். வாகனப் புகை ஏறுவதற்கு முன் நீரின் மேல் பனி படிந்திருக்கும். வாவியைச் சுற்றி வர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆறுதலாக நடந்தால் ஒரு மணித்தியாலம் போதும்.

இந்த வாவி இயற்கையானதன்று. வயலாக இருந்த நிலத்தை அணைகட்டி நீர்நிலையாக்கியவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். வேலை 1812இல் முடிவடைந்தது. கரையோரமாக ஓடும் அலையலையான வெள்ளைச் சுவருக்கு முகில் சுவர் என்று பொருள்படும் பெயரைச் சிங்களத்தில் வழங்குவார்கள். அதையும், தலதா மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபமான பத்திரிப்புவவையும் அமைத்த சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. பத்திரிப்புவவில் இன்று ஏட்டுச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன.

மாளிகைக்கு எதிரே கரையை ஒட்டி நீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சிறு கட்டடத்தைக் கவனியுங்கள். நாம் படித்த காலத்தில் யாரும் அதை எமக்குக் காட்டித் தந்ததில்லை. அது அரசிகள் நீராடிய மண்டபம். பிரித்தானியர் அதன்மேல் மாடி எழுப்பி நூலகமாக்கினார்கள். பின்னர் அது பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. மாளிகைக்குப் பின்புறமுள்ள கண்டி தேசிய அரும்பொருட்காட்சிச்சாலையும் அரசிகள் வாழ்ந்த மனைதான். பல்லே வாஹல என்பது அதன் பழைய பெயர். அங்கு வைக்கப்பட்டுள்ள நகைகள், வெற்றிலைத் தட்டுகள், தந்தச் சீப்புகளைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, இவற்றைப் பாவித்தவர்கள் இதே அறைகளில் இருந்தவர்கள் என்று சொல்லுங்கள். அவர்களுள் பலர் மதுரைப் பக்கத்திலிருந்து மணமுடித்து வந்த பெண்கள்.

அது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1739இல் வீர நரேந்திர சிங்கன் பட்டத்துக்குரிய மகன் இன்றி இறந்தான். அவனுடைய அரசி தென்னிந்திய நாயக்கர் குலத்தவள். அவளுடைய சகோதரனே ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ, இராஜாதி இராஜசிங்கன், கடைசியில் கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரமன் என நாயக்க மன்னர் நால்வர் 76 வருடம் கண்டியை ஆண்டார்கள். தெலுங்கு வழியினரான அவர்கள் தமிழும் வழங்கினார்கள், பௌத்தத்தைப் பேணினார்கள். தாழ்ந்துபோயிருந்த பிக்குகளின் உபசம்பதாவை 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து மீண்டும் நிலைநாட்டியவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனே. ஒரு பெண்ணின் திருமண உறவு வழியாகவே ஓர் அரச வம்சம் இந்த ஊருக்கு வந்தது என்பதை நமது பாடக்கொப்பிகளில் நாம் எழுதியதே இல்லை.

மன்னாரில் வளர்ந்த அரசி

நாயக்கருக்கு நெடுங்காலம் முன்பே இந்த ஊரின் உரிமை ஒரு பெண்ணிடம் இருந்தது. 1580களில் சீதாவாக்கை இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்றியபோது அரசன் கரலியத்தே பண்டார தன் சிறு மகளோடு தப்பியோடினான். தந்தை இறந்துவிட, குழந்தையான குசுமாசன தேவி போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் மன்னாரில் வளர்ந்து தோனா கத்தரினா என்று ஞானஸ்நானம் பெற்றாள். 1594இல் போர்த்துக்கேயர் பெரும் படையோடு அவளைக் கொண்டுவந்து கண்டியில் அரசியாக்கினார்கள். சில மாதங்களுக்குள் தந்துறையில் அந்தப் படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்துகொண்டான். அவள் வழியாகத்தான் அவனுடைய பட்டம் உறுதியாயிற்று. 1604இல் அவன் இறந்தபின் செனரத் அவளை மணந்தான். இரண்டாம் இராஜசிங்கன் அவளுடைய மகன். அவள் 1613இல் காலமானாள்.

தலதா சின்னத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தவன் விமலதர்மசூரியன் என்று எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கும். அவன் அரசனானதற்குக் காரணமாக இருந்த பெண்ணுக்கு அவற்றில் ஒரு வரி கிடைப்பதே அரிது. மாளிகை வாசலில் நிற்கும்போது அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

மாளிகைக்குள் செல்வோர் தோளும் முழங்காலும் மறைய உடுத்திச் செல்லவேண்டும். வெள்ளை உடை நல்லது. பூசை நேரத்தில் மேளம் முழங்கும்போது போனால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும். 37 வருடம் பெரஹராவில் பேழையைச் சுமந்த ராஜா யானை 1988இல் இறந்தது. அதன் உடல் பாடம் செய்யப்பட்டு வளாகத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. சிறு வயதில் வாழைப்பழம் கொடுத்தவர்கள் நம்மில் இருக்கிறோம். போய்ப் பார்க்காமல் திரும்பமாட்டீர்கள். அதே 1988இல்தான் இந்த நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1998 ஜனவரி 25ஆம் திகதி வாசலில் குண்டு வெடித்த நாளை ஊரிலிருந்த நாங்கள் மறக்கவில்லை. உடைந்தவை திரும்பக் கட்டப்பட்டுவிட்டன. அந்த நாளுக்குப் பின் பல மாதங்கள் எங்கள் பெயரைக் கேட்டவுடன் முகங்கள் மாறியதையும் சொல்லாமல் விடுவது சரியாகாது.

பத்தினித் தெய்வத்தின் முற்றம்

மாளிகையின் முன்னால் நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கதிர்காமத் தெய்வத்தின் தேவாலயம் நகருக்குள் சற்றுத் தள்ளி உள்ளது. நாத தேவாலயம் 14ஆம் நூற்றாண்டினது. கண்டியில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. அதன் கருங்கல் விமானத்தைப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றின் முன் நிற்பது போலிருக்கும்.

பத்தினி தேவாலயம் சிறியது. வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, முற்றத்தில் மரநிழல். தாய்மார் குழந்தைகளோடு வந்து நோய் தீர வேண்டி நிற்பார்கள். பத்தினி வேறு யாருமல்லள், கண்ணகியே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி விழாவுக்கு வந்த வேந்தர்களுள் கடல்சூழ் இலங்கைக் கயவாகுவும் ஒருவன். அவனே இவ்வழிபாட்டை இங்கே கொண்டுவந்தான் என்பது மரபு. கிழக்கிலங்கையில் கண்ணகி அம்மன் குளிர்த்தி பாடும் ஊர்களிலிருந்து வந்து நம்மோடு விடுதியில் இருந்த தோழியருக்கு இந்த முற்றம் ஒரு காலத்திலும் அந்நியமாக இருந்ததில்லை. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். மற்ற நாம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருவோர் எசல பெரஹராவைக் காண முயலுங்கள். தேவாலயங்களின் ஊர்வலத்தில் தலதாவுக்கு முதலிடம் தந்து இன்றைய வடிவம் கொடுத்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். கடைசி ஐந்து இரவுகளின் ஊர்வலத்துக்கு ரந்தோலி என்று பெயர். தங்கப் பல்லக்கு என்பது அதன் பொருள். ஒரு காலத்தில் அரசிகள் ஏறிவந்த பல்லக்கைக் குறிக்கும் சொல். ஆண்களே ஆடிவரும் அந்த நீண்ட ஊர்வலத்தில், வழக்கப்படி பெண்கள் ஆடிவருவது இறுதியாக வரும் பத்தினி தேவாலயப் பிரிவில். நள்ளிரவு நெருங்கி, பார்ப்போர் எழுந்து புறப்படும் நேரம் அது. நீங்கள் இருந்து பாருங்கள்.

மகுல் மடுவ: 1815

மாளிகை வளாகத்தில் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்களோடு திறந்த மண்டபம் ஒன்று உண்டு. 1783இல் இராஜாதி இராஜசிங்கன் கட்டத் தொடங்கிய அரசவை மண்டபமான மகுல் மடுவ அது. 1815 மார்ச் 2ஆம் திகதி இங்குதான் கண்டி இராச்சியம் பிரித்தானியருக்குக் கைமாறியது.

அதற்கு முந்திய வருடம் நடந்ததைச் சொல்லாமல் இந்த இடத்தைக் காட்டக்கூடாது. அரசனுக்கு எதிராகக் கிளம்பிய எஹலபொல அதிகாரம் ஆங்கிலேயரிடம் தப்பிச்செல்ல, அவனுடைய மனைவி எஹலபொல குமாரிஹாமியும் பிள்ளைகளும் பிடிபட்டார்கள். பிள்ளைகள் தாயின் கண்முன் வெட்டப்பட்டார்கள். தாய் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டாள். மூத்தவன் பயந்து தாயைப் பற்றிக்கொள்ள, இளையவன் மத்தும பண்டார தானே முன்வந்து தலை கொடுத்தான் என்று சிங்களப் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே படிப்பார்கள். அக்குளம் தூர்ந்து போய்விட்டது. மைதானத்தின் பெயரிலும், 1876 முதல் 2014 வரை இயங்கிய பழைய சிறைச்சாலையின் பெயரிலும் போகம்பறை எஞ்சியிருக்கிறது.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது நம்மில் சிலர் தலை குனிந்துகொள்வோம். தமிழ் அரசன் செய்த கொடுமை என்று பின்வாங்கில் யாராவது முணுமுணுப்பார்கள். இன்று யோசித்துப் பார்க்கையில், அந்தக் கொடுமை கொடுமைதான். எந்த மொழி பேசுபவன் செய்தாலும் அதற்கு நியாயம் கிடையாது. அதே நேரத்தில், அந்தச் செய்தியை ஊரெங்கும் பரப்பி, படையெடுப்புக்கு நியாயம் தேடிக்கொண்டவர்களும் இருந்தார்கள். தேசாதிபதி பிரௌன்றிக்கின் படை அடுத்த வருடமே மலையேறியது. 1815 பெப்ரவரி 18ஆம் திகதி அரசன் மெதமகாநுவரப் பகுதியில் இரு அரசிகளோடு பிடிபட்டான். பிடித்தவர்கள் அவர்களைக் கயிற்றால் கட்டினார்கள், நகைகளைப் பறித்தார்கள். குமாரிஹாமிக்கு அழுவோர் அந்த அரசிகளுக்கும் அழலாம். இரு பக்கத்திலும் ஆண்களின் பகைக்கு விலை கொடுத்தவர்கள் பெண்களே.

உடன்படிக்கையில் நம்மைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. மலபார் இனத்தவருக்குக் கண்டியின் ஆட்சியில் இருந்த உரிமை முற்றாக நீக்கப்படுகிறது. அரசனின் ஆண் உறவினர் அனுமதியின்றிக் கண்டிப் பிரதேசத்துக்குள் நுழையக்கூடாது. மலபார் என்று அக்காலத்து ஆங்கிலேயர் எழுதியது தமிழரை. அரச குடும்பம் வேலூருக்கு அனுப்பப்பட்டது. அரசன் 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தான். உடன்படிக்கை எழுதிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆவதற்குள், கன்னொருவையில் கோப்பி நட்ட அதே ஆட்சியாளர் வேலைக்கு ஆள் தேடினார்கள். தடுக்கப்பட்ட மலைக்கு இம்முறை தமிழர் ஆயிரக்கணக்கில் அழைத்துவரப்பட்டார்கள். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தார்கள். நம் வகுப்பறைகளில் அமர்ந்த மாணவியர் பலரின் பாட்டிமாரின் பாட்டிமார் அவ்வழியே வந்தவர்கள்.

பிற்பகல்: தெருக்கள்

மதியத்துக்குப் பின் தெருக்களில் நடக்கலாம். வாவியின் கிழக்கே மலபார் வீதி. நாயக்க அரசரின் உறவினர் குடியிருந்த தெரு அது. நாம் படிக்கும்போது அது பஸ்ஸில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

திருகோணமலை வீதியில் இன்னொரு கதை இருக்கிறது. கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்தி லெப்பை (1838–1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல். பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பலரும் தயங்கிய அக்காலத்தில் முஸ்லிம் பெண்களுக்கென்று 1891இல் கண்டியில் பாடசாலை திறந்தார். அதை நடத்தியவர் அவருடைய சகோதரி முத்து நாச்சியா. ஒரு தமிழ் எழுத்தாளரின் சகோதரி நம் ஊரில் பெண் கல்விக்குப் போட்ட அந்த அடியை இந்த மலரில் நன்றியோடு பதிகிறோம். அவருடைய நண்பரான எகிப்தியத் தலைவர் அராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கண்டியில் வாழ்ந்த வீடு இன்று சிறிய அரும்பொருட்காட்சிச்சாலையாக உள்ளது. வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

காசில் வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி வழியாக நடக்கும்போது நம் தலைமுறையினர் பேச்சைக் குறைத்துவிடுவார்கள். 1983 யூலை 26ஆம் திகதி பிற்பகல் இத்தெருக்களில் தமிழரின் கடைகள் எரிந்தன. பாடசாலைத் துணி வாங்கிய கடை, கொப்பி வாங்கிய கடை, பண்டிகைக்கு வளையல் வாங்கிய கடை. அடுத்த தவணைக்கு வகுப்புகள் கூடியபோது சில மேசைகள் வெறுமையாக இருந்தன. ஆசிரியை வரவுப்பதிவேட்டில் அந்தப் பெயர்களையும் வாசித்து, சற்றுப் பொறுத்து, அடுத்த பெயருக்குப் போனார். இந்தக் கட்டுரையை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாசிப்போருள் பலர் அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள். அன்றிரவு தமிழ்ப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டு அறைகளில் ஒளித்துவைத்த சிங்களத் தோழியரும் முஸ்லிம் தோழியரும் விழாவுக்கு வருகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறோம். 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது பழையது எல்லாம் எமக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மாலையில் உடவத்தகலைக் காட்டுக்குப் போகலாம். அரண்மனைக்குப் பின்னால் அரசருக்கென ஒதுக்கப்பட்டிருந்த இந்த வனம் ஏறத்தாழ 257 ஏக்கர். அங்குள்ள பாதை ஒன்றுக்குத் தேசாதிபதி ஹோர்ட்டனின் மனைவியின் பெயர். ஆங்கிலக் கவிஞர் பைரன் அழகைப் புகழ்ந்து பாடிய, நாம் ஆங்கிலப் பாடத்தில் படித்த கவிதை அவரைப் பற்றியதே. காட்டுக்குப் போகும் வழியில் பிரித்தானியப் படையினரின் பழைய மயானமும் இருக்கிறது. 1815 உடன்படிக்கையை ஆக்கிய ஜோன் டொயிலி அங்குதான் கிடக்கிறார். இளம் தாய்மாரினதும் கைக்குழந்தைகளினதும் கல்லறைகள் பக்கத்தில். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மறக்காதீர்கள்.

இரண்டாம் நாள்: மலையும் பூங்காவும்

இரண்டாம் நாள் விடியற்காலையில் பிலிமத்தலாவைப் பக்கம் போனால் அரை நாளில் மூன்று கோயில்களைப் பார்க்கலாம். கம்பளை அரசர் காலத்தில், 1344இல் எழுந்தவை கடலாதெனியாவும் லங்காதிலகமும். கடலாதெனியாவின் தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி. பெயரே ஊரைச் சொல்லிவிடும். கற்பாறை மேல் நிற்கும் லங்காதிலகத்தில் புத்தருக்கும் தெய்வங்களுக்கும் ஒரே கட்டடத்தில் இடம் உண்டு. அங்கே பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளைக் காட்டுங்கள். 680 வருடமாக வெயிலிலும் மழையிலும் கிடக்கும் எழுத்து அது.

எம்பெக்கை கதிர்காமத் தெய்வத்தின், அதாவது முருகனின் தேவாலயம். அதன் மேள மண்டபத் தூண்களில் மல்லர், அன்னப் பிணையல், இருதலைப் பறவை, ஆடும் மகளிர் எல்லாம் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயைத் தேடிப் பாருங்கள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிணைத்து நிற்பதையும் காட்டுவார்கள்.

திரும்பும் வழியில் பேராதனை. 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய தாவரவியற் பூங்கா 147 ஏக்கரில் மகாவலியின் வளைவுக்குள் அமைந்திருக்கிறது. இரட்டைத் தேங்காய் மரம், புல்வெளி முழுவதும் கிளைவிரித்த பெரிய ஜாவா அத்தி, அரசபனைச் சாலை ஆகியவற்றைத் தவறவிடவேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இங்கேதான் இயங்கியது. தேயிலையின் கதையும் இப்பூங்காவில் தொடங்குகிறது. 1824இல் சீனத்திலிருந்தும் 1839இல் அசாமிலிருந்தும் வந்த வித்துகள் இங்கே முளைத்தன.

பூங்காவுக்கு அப்பால் பல்கலைக்கழகம். 1952இல் கொழும்பிலிருந்து இங்கே வந்தது. நம் சங்கத்து அக்காமாரில் எத்தனையோ பேர் ஹந்தானை மலையடிவாரத்து விடுதிகளில் இருந்து படித்தவர்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். கூத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டி வந்த வழக்கம் மாறி, மாணவியர் பல்கலைக்கழக மேடையில் ஆடியதும் அக்காலத்திலேதான். குறிஞ்சிக்குமரன் ஆலயத்தின் படிகளில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

பிற்பகலில் ஹந்தானைத் தேயிலை அரும்பொருட்காட்சிச்சாலை. 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை அது, 2001இல் காட்சிச்சாலையாயிற்று. வாடவைக்கும் மாடி, அரைக்கும் இயந்திரம், பழைய எஞ்சின் எல்லாம் இருக்கின்றன. 1867இல் தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் ரெயிலரின் படமும் பொருள்களும் உண்டு. ரெயிலர் 1892இல் இறந்து மகியாவை மயானத்தில் அடக்கமானார். அவருடைய கல்லறையில் பெயர் இருக்கிறது. அவருக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்கள் பெயர் ஒன்றும் எங்கும் இல்லை. மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டே யன்னலால் பாருங்கள். மலைச்சரிவில் கூடை சுமந்து நிரை பிடித்துப் போகும் பெண்களைக் காணலாம். நம்மில் சிலருக்கு அது அம்மாவின் உருவம். லயத்து அறையில் குப்பி விளக்கில் படித்து, அதிகாலையில் மலையிறங்கி பஸ் பிடித்துப் பாடசாலைக்கு வந்தவர்கள் நம் தோழியர். அன்று அவர்களுடைய சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துச் சிரித்தவர்களும் நம்மில் இருந்தோம். நூற்றாண்டு மலரில் அதற்கு மன்னிப்புக் கேட்பது பொருந்தும் என்று நினைக்கிறோம்.

புகையிரத நிலையத்தில்

நம் சங்கம் தொடங்கிய காலத்தில் இந்நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத்துப் பெண்களிலும் பலர் வாக்களித்தார்கள். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இங்கே பிரசாவுரிமை என்றும் பங்கு பிரித்தது. எஞ்சியோரின் நிலை முழுதாகத் தீர 2003 வரை செல்லவேண்டியிருந்தது.

1867இல் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த பாதையின் முடிவில் நிற்கும் நமது புகையிரத நிலையம் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் இடம். கடுகண்ணாவை மலையேற்றமும் அழகானதே. கொழும்பிலிருந்து வருவோர் காரில் வராமல் கோச்சியிலேயே வாருங்கள் என்று சொல்வோம். ஆனால் இதே மேடையிலிருந்து நம் வகுப்புத் தோழியர் பலர் தகரப் பெட்டியோடும் தாய் தகப்பனோடும் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். மலையகத்தில் அதை அழுகைக் கோச்சி என்பார்கள். போனவர்கள் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் சிலோன்காரர் என்ற பெயரோடு வாழ்கிறார்கள். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். அவர்களுக்கும் இந்த மலர் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக முகவரிகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள்.

விழாவுக்கு வர இயலாத தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வோம். வேலூர்க் கோட்டைக்குள் கண்டி மகால் இருக்கிறது. பாலாற்றங்கரையில் கடைசி அரசனின் நினைவாக 1990இல் எழுப்பிய முத்து மண்டபம் இருக்கிறது. அரசனும் ஊரிலிருந்து அனுப்பப்பட்டவன்தான். ஒரு நாள் போய், நம் எல்லோர் சார்பிலும் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். மகளே, இந்த ஊருக்கு நாம் பல வழிகளால் வந்தோம். சிலர் பல்லக்கில் மணமகளாக வந்தோம். பலர் தலையில் மூட்டையோடு மன்னார்ப் பாதையில் நடந்து வந்தோம். சிலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் உத்தியோகத்துக்கும் படிப்புக்கும் வந்தோம். எமக்கு முன்பே கண்ணகி வந்துவிட்டாள். சிங்கள அரசர்களின் ஊர் என்று நீ சொன்னதும் உண்மை; அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் நாம் இங்கே இருந்தோம் என்பதும் உண்மை. நம்பாவிட்டால் லங்காதிலகத்துப் பாறைக்கு வா. எழுத்துக்கூட்டி வாசிக்க அம்மா சொல்லித் தருவாள்.

விழா முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, நீராடு மண்டபத்தின் முன்னால் குடையோடு நிற்போம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து நடப்போம்.